இன்னொரு அரிச்சந்திரன்

சில வருடங்களுக்கு முன்னர் பாரிஸ் புறநகர் மண்டபம் ஒன்றில் அரிச்சந்திர மயான காண்டம் மேடையேறியது. முந்திய தடவைகளில் அரிச்சந்திரனாக வந்தவருக்கு உடல் இடம்கொடுக்கவில்லை. அவருடைய இடத்தில் இங்கே வளர்ந்த இளைஞர் ஒருவர் தோளில் தடியுடன் வந்து நின்றார். ஆர்மோனியம் சுருதி கொடுத்தது. முதற் பாட்டை அவர் எடுத்ததும், பிள்ளைகளின் சத்தம் நிறைந்திருந்த மண்டபம் ஒரு கணம் அடங்கியது. பிறகு பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது: "குரல் காணாது."

எங்களுக்குப் பக்கத்தில் இருந்த முதியவர் சொன்னார்: "வைரமுத்து இந்த இடத்தை எப்படி எடுப்பார் தெரியுமோ?" முன்வரிசை அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்து, "இங்கை வளர்ந்த பிள்ளை, இவ்வளவாவது பாடுதே" என்றார்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. லாச்சப்பலில் மரக்கறி வாங்க வந்தவர்களும் தேத்தண்ணி குடிக்க வந்தவர்களும் இந்த மூன்று தீர்ப்புகளையே வேறு வேறு சொற்களில் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாடகம் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. "புதுப் பெடியன் எப்படி?" என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு எங்களிடம் அப்போது சரியான பதில் இருக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடிப் போன முயற்சி.

முதலில் எங்கள் காதுகளைப் பற்றிச் சொல்லவேண்டும். நடிகமணி வி. வி. வைரமுத்து 1924ம் ஆண்டு பிறந்து 1989ம் ஆண்டு மறைந்தவர். காங்கேசன்துறைக்காரர். அவருடைய வசந்தகான சபா ஈழத்து இசை நாடகத்தின் உச்சம் என்று சொன்னால் மறுப்பவர்கள் குறைவு. மயான காண்டத்தை மட்டும் ஆயிரம் தடவைக்கு மேல் ஆடியவர். கோவில் வீதியில் பாயை விரித்து, பாதிக் கதையில் தூங்கிப்போய், மயானக் காட்சிக்கு அம்மா தட்டி எழுப்ப எழுந்து பார்த்த தலைமுறை நாங்கள். முழத்துண்டும் கால்பணமும் வாய்க்கரிசியும் கேட்டு, தன் மனைவி என்று அறியாமல் சந்திரமதியை அரிச்சந்திரன் மறிக்கும் இடத்தில் பெண்கள் வாய்விட்டு அழுததைக் கண்டிருக்கிறோம். சந்திரமதியாக வந்தவரும் ஓர் ஆண்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அது அழுகைக்குத் தடையாக இருக்கவில்லை.

இந்த நாடகங்கள் தமிழகத்தில் இருந்து வந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்தே அங்கிருந்து நாடகக் கம்பனிகள் கடல் கடந்து வந்து யாழ்ப்பாணத்தில் கொட்டகை போட்டு ஆடின. அதனால்தான் ஊரில் அதற்குக் 'கொட்டகைக் கூத்து' என்ற பெயரும் ஏற்பட்டது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922) வகுத்துக் கொடுத்த அச்சில் அவை ஆடப்பட்டன. அந்த அச்சின் இயல்பை நாங்கள் மறந்துவிட்டோம் என்பதே எமது எண்ணம். வேடம் ஆளுக்கு ஆள் கைமாறும் என்பதை அடிப்படையாக வைத்தே அது கட்டப்பட்டிருந்தது.

சுவாமிகள் தம் கடைசிக் காலத்தில் சிறுவர்களை வைத்துப் பாலர் சபை நடத்தினார். மதுரையில் 1918ல் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அவற்றில் ஒன்று. சிறுவர் கம்பனியில் ராஜபார்ட் ஆடுபவனின் காலம் அவன் தொண்டையில் இருந்தது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்று வரை ராஜாவாக இருந்தவன் இன்று சேவகன். அவனுடைய கிரீடம் அடுத்த பையனின் தலைக்குப் போய்விடும். சனம் புதியவனைப் பழையவனோடு ஒப்பிட்டது, முணுமுணுத்தது, பிறகு பழகிக்கொண்டது. அந்தக் கம்பனிகளின் வாழ்வே அந்தப் பழக்கத்தில் தங்கியிருந்தது.

பெரியவர்களின் 'ஸ்பெஷல்' நாடகத்திலோ நிலைமை இன்னும் வெளிப்படையானது. ராஜபார்ட் ஓர் ஊரில் இருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறொரு ஊரில் இருந்து வருவார். ஒத்திகை கிடையாது. அன்றைய இரவு மேடையில்தான் இருவரும் சேர்வார்கள். 1920களின் நடுப்பகுதியில் கொழும்பில் கே. பி. சுந்தராம்பாள் பெயரோடு ஆடிக்கொண்டிருந்தபோது, செங்கோட்டைக் கிட்டப்பா அவருக்கு எதிரே வந்து நின்றதும் அப்படித்தான். அந்தக் குரலுக்கு இந்தக் குரல் தாக்குப்பிடிக்குமா என்று பார்க்கவே சனம் திரண்டது. புதியவரை அளப்பது அன்றைக்கு ரசனையின் ஒரு பாதி.

ஆனால் கிட்டப்பா 1933ல் இருபத்தேழு வயதில் இறந்தபோது கதை மாறியது. சுந்தராம்பாள் வெள்ளைச் சேலைக்கு மாறினார். வேறொரு ஆணுடன் ஜோடியாக நடிக்க மறுத்தார். 1935ல் வெளியான 'நந்தனார்' படத்தில் நந்தனாராகத் தாமே ஆண் வேடம் ஏற்றார். அது அவருடைய துக்கம், அதற்கு முன்னால் நாங்கள் தலை குனிகிறோம். ஆனால் ஒரு சமூகம் முழுவதும் அப்படித் துக்கம் காக்கத் தொடங்கினால் நாடகம் என்னவாகும்?

எங்கள் சொந்தக் கூத்தும் இதையே சொல்கிறது. யாழ்ப்பாணத்துக் கரையோரங்களிலும் மன்னாரிலும் ஆடப்பட்ட தென்மோடி நாட்டுக்கூத்தில் ஒரே அரசனை ஒரே இரவில் இருவர் மூவர் ஆடுவார்கள். முதலாம் அரசன் களைத்து உள்ளே போக இரண்டாம் அரசன் அதே பெயரோடு வெளியே வருவான். முகம் வேறு, உயரம் வேறு, குரல் வேறு. யாரும் "இது எங்கள் அரசன் இல்லை" என்று எழுந்து போகவில்லை. எந்தப் பாட்டை முதலாமவர் நன்றாகப் பாடினார், எந்தப் பாட்டில் இரண்டாமவர் வென்றார் என்று விடியும்வரை வாதாடினார்கள். ஒப்பீடு அங்கேயும் இருந்தது. அது வேடத்தை ஒருவரோடு சேர்த்துப் புதைக்கவில்லை.

அப்படியானால் லாச்சப்பலில் ஏன் இந்த அரிச்சந்திரன் எங்களுக்குப் போதவில்லை?

ஒரு காரணம் கசற். எண்பதுகளில் இங்கே வந்து இறங்கியவர்கள் கொண்டுவந்த பையில் இரண்டு சேட்டும் ஒரு விலாசமும் ஒன்றிரண்டு கசற்றுகளும் இருந்தன. றெஸ்ரோறண்டில் கோப்பை கழுவிவிட்டு இரவு ஒரு மணிக்கு அறைக்குத் திரும்பி, ஆறுபேர் படுத்திருக்கும் இடத்தில் சத்தத்தைக் குறைத்து வைத்து அந்தக் குரலைக் கேட்டோம். நாடு இழந்து, அடையாளம் இழந்து, பிணம் சுடும் வேலைக்குப் போன ஒரு ராசாவின் குரல் அது. எங்கள் கதை என்று நினைத்துக்கொண்டோம். ஊரில் ஒவ்வொரு இரவும் வேறுவிதமாக வந்த பாட்டு, இங்கே ஒவ்வொரு இரவும் ஒரே மாதிரி வந்தது. அதே இடத்தில் அதே மூச்சு, அதே இடத்தில் ஆர்மோனியத்தின் அதே இழுப்பு. நாடகம் எங்களுக்கு ஒலிநாடாவாகிவிட்டது. ஒலிநாடாவோடு போட்டி போட்டு வெல்ல எந்த மனிதத் தொண்டையாலும் முடியாது. வைரமுத்துவே எழுந்து வந்தாலும் அன்றைய இரவுக்கு ஏற்றபடி வேறுவிதமாகத்தான் பாடியிருப்பார்.

இன்னொரு காரணம் இடைவெளி. ஊரில் இருந்தவர்கள் ஒரு நடிகர் தளர்வதையும், பக்கத்தில் இன்னொருவர் வளர்வதையும் வருடம் வருடமாகப் பார்ப்பார்கள். மாற்றம் மெதுவாக வரும். எங்களுக்கோ விமானம் ஏறிய நாளோடு மணிக்கூடு நின்றுவிட்டது. 1990ல் காங்கேசன்துறைப் பகுதிச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்தது. 1995 ஒக்டோபரில் குடாநாட்டின் பெரும்பகுதியே வெளியேறியது. வைரமுத்துவுக்குப் பிறகு யார் என்று பார்த்துப் பழகவேண்டிய அந்த வீதியும் சனமும் கலைந்துவிட்டன. முதலாம் அரசன் உள்ளே போனதைக் கண்டோம். இரண்டாம் அரசன் வெளியே வந்தபோது நாங்கள் அங்கே இருக்கவில்லை.

இதற்கு எதிர்மாறான ஓர் அனுபவம் கிழக்கில் உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் தெல்லிப்பழைப் பக்கத்தவர். வைரமுத்து பிறந்த 1924லேயே பிறந்து அதே 1989லேயே மறைந்தவர். சரச்சந்திரவின் 'மனமே' 1956ல் சிங்கள அரங்கில் ஏற்படுத்திய அதிர்வைக் கண்டு, பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து மேடைக்குச் செப்பனிட்டார். 1962ல் 'கர்ணன் போர்', 1964ல் 'இராவணேசன்'. அந்த இராவணேசனில் இராவணனாக ஆடியவர் அப்போது மாணவராக இருந்த சி. மௌனகுரு. பார்த்தவர்கள் இராவணன் என்றால் மௌனகுரு என்றே பேசினார்கள். பல வருடங்களின் பின்னர் அவரே கிழக்குப் பல்கலைக்கழகத்து மாணவர்களை வைத்து அந்த நாடகத்தை மீண்டும் உருவாக்கினார். இம்முறை இராவணனை இளையவர்கள் ஆடினார்கள். நாடகமும் மாறியது, மண்டோதரிக்கு வாய் திறக்க அதிக இடம் கிடைத்தது. பழைய இராவணனைக் கண்டவர்கள் சபையில் இருந்து ஒப்பிட்டிருப்பார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் பழைய இராவணனே புதிய இராவணனுக்குத் தாளக்கட்டுச் சொல்லிக் கொடுத்தார் என்பதுதான் அங்கே முக்கியம். வேடம் கையில் இருந்து கைக்குப் போனது, கசற்றில் இருந்து காதுக்கு அல்ல.

லாச்சப்பலுக்குத் திரும்புவோம். மெற்றோ நிலையத்தின் படிகளில் இறங்கினால் பக்கத்தில் ஒரு பழைய நாடக அரங்கு நிற்கிறது. பூவ் டு நோர் என்பது அதன் பெயர். கைவிடப்பட்டுக் கிடந்த அந்த அரங்கை 1974ல் பீற்றர் புறூக் மீண்டும் திறந்தார். அவருடைய ஒன்பது மணிநேர மகாபாரதம் 1985ல் அவிஞ்ஞோனில் தொடங்கி, பிறகு இந்த அரங்குக்கு வந்தது. அதில் வீமனாக வந்தவர் செனகல் நாட்டவர். வீட்டுமராக வந்தவர் மேற்கு ஆபிரிக்காவின் கதைப்பாடகர் மரபில் வந்த சொத்திகி குயாத்தே. திரௌபதியாக மல்லிகா சாராபாய் வந்தார். இந்தியக் கதையை அந்நியர் எடுத்து ஆளலாமா என்று அன்றைக்குப் பெரிய விவாதம் நடந்தது. அந்த விவாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் கறுத்த வீமனை வீமனாக ஏற்றுக்கொள்ள அந்தச் சபைக்குக் கொஞ்ச நேரமே தேவைப்பட்டது. அதே வருடங்களில் அதே தெருவில் விசாக் கடிதத்தோடு நடந்து திரிந்த எங்களுக்கு, உள்ளே ஓடுவது எங்கள் வீமன்தான் என்பது தெரியாது. தெரிந்திருந்தாலும் ரிக்கற் வாங்கக் காசில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். யார் ராசாவாக வரலாம் என்ற கேள்வி எங்கள் ஊரில் ஒருபோதும் குரலை மட்டும் பற்றியதாக இருந்ததில்லை. ஊர்க்கூத்தில் ராசா வேடம் எந்தக் குடும்பத்துக்கு என்று அடிபட்ட கதைகள் எங்களுக்குத் தெரியும். இரவில் ராசாவாகக் கைதட்டல் வாங்கிய கலைஞன், விடிந்த பிறகு சில வீடுகளில் முற்றத்தோடு நிற்கவேண்டியிருந்தது. புலையனுக்கு அடிமையான அரசனுக்காக அழுத அதே சனத்தின் நடுவில்தான், காங்கேசன்துறைக்குப் பக்கத்து மாவிட்டபுரத்தில் 1968ல் கோவிலுக்குள் போக அனுமதி கேட்டவர்கள் அடிவாங்கினார்கள். ஆகையால் அந்தக் காலத்துச் சபையை நாங்கள் தங்கச் சபையாகக் கற்பனை செய்யத் தேவையில்லை. அது நன்றாகக் கேட்டது. நன்றாகக் கண்ணை மூடியும் கொண்டது.

இப்போது அந்த மூன்று தீர்ப்புகளையும் திரும்ப எடுத்துப் பார்க்கிறோம். "குரல் காணாது" என்றது நேர்மையான தீர்ப்பு. அந்த இளைஞருக்கு மேல்ஸ்தாயியில் குரல் எட்டவில்லை என்பது உண்மை. மைக் இல்லாமல் வீதி முழுவதும் கேட்கப் பாடிய மரபுக்கு அது குறைதான். "வைரமுத்து எப்படி எடுப்பார் தெரியுமோ" என்றது நினைவு. அதுவும் வேண்டியதே, அளவுகோல் இல்லாத இடத்தில் கலை இல்லை. எங்களுக்குப் பயம் தந்தது மூன்றாவது. "இவ்வளவாவது பாடுதே" என்ற இரக்கம். இரக்கப்பட்டுக் கைதட்டும் சபைக்கு முன்னால் எந்த நடிகனும் வளர்வதில்லை. அது பிள்ளையைப் பாராட்டுவதுபோல் நாடகத்துக்கு வாய்க்கரிசி போடுவது.

எங்களுக்குத் தோன்றுவது இதுதான். புதியவரைப் பழையவரோடு ஒப்பிடுங்கள், தயங்காமல் ஒப்பிடுங்கள். எங்கள் முன்னோர் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் இரண்டாம் அரசனை அரசன் என்று ஏற்றுக்கொண்ட பிறகு ஒப்பிடுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, அந்த இளைஞரும் லாச்சப்பலுக்கு வந்திருந்தார். பாட்டு எழுதிய கொப்பி கையில் இருந்தது. வரிகள் பிரெஞ்சு எழுத்தில் இருந்தன. முதல் நாள் எங்களுக்குப் பக்கத்தில் இருந்த முதியவர் அவரைக் கண்டதும் கூப்பிட்டார்.

"தம்பி, மயானத்திலை மறிக்கிற இடம் பிழை. நீர் அவசரப்படுறீர்."

"எப்படி ஐயா வரவேணும்?"

முதியவர் சுற்றிப் பார்த்தார். பிறகு மெற்றோ பாலத்தின் கீழ், ஒரு கையில் முருங்கைக்காய்ப் பையோடு, மெதுவாகப் பாடிக் காட்டினார். மேலே ரயில் போனது. அது போய் முடியும்வரை நிறுத்தினார். பிறகு முதலில் இருந்து தொடங்கினார். இளைஞர் கொப்பியில் ஏதோ குறித்துக்கொண்டார்.