ஒரு அணாவில் தொடங்கிய கணக்கு



நம்ம குழுக்களில் எத்தனையோ பேர் இன்னிக்கு விடியும் முன்னே எழுந்து, பள்ளிக்கூடத்துக்குப் போய் அடுப்பைப் பத்த வைக்கிறாங்க. மணி அடிக்கிறதுக்குள்ள உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சாம்பாரோட தயாராகணும். இந்தச் சாப்பாட்டை "அரசாங்கம் சும்மா போடுறது" என்று சிலர் சொல்லுவாங்க. சும்மா வந்தது எதுவும் இல்லை. இதுக்குப் பின்னால் நூறு வருசத்துக்கும் மேலான வரலாறு இருக்கு. மாசக் கூட்டத்துல "வரவு எங்கிருந்து, செலவு எதுக்கு" என்று நாம கேட்போமே, அதே கேள்வியை வைத்து அந்த வரலாற்றைப் பார்த்தால் நல்லா விளங்கும்.

முதல் வரவு ஒரு அணா. 1920-ஆம் வருடம் செப்டம்பர் 16-ஆம் தேதி சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள். அப்போது தலைவராக இருந்தவர் நீதிக்கட்சியைச் சேர்ந்த பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுப்பது, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது தீர்மானம். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. அப்படியென்றால் ஒரு ரூபாயில் பதினாறு பிள்ளைகள் பசியாறலாம். பசியோடு வரும் ஏழைப் பிள்ளைகள் படிப்பை விட்டுவிடக் கூடாது என்பதுதான் நோக்கம்.

பிறகு இன்னும் நாலு பள்ளிகளில் ஆரம்பித்தார்கள். 1922-23-ல் ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 811 பேர் படித்தார்கள். 1924-25-ல் அது 1,671 ஆனது. ரெண்டே வருசத்தில் இரண்டு மடங்கு! ஆனால் பணம் வந்தது தொடக்கக் கல்வி நிதியிலிருந்து. அந்த நிதியில் இந்தச் செலவைக் காட்டக் கூடாது என்று வெள்ளைக்கார அரசாங்கம் சொல்லிவிட்டது. 1925 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு நின்றது. பிள்ளைகளுக்குப் பசி தீர்ந்து போனதால் நிற்கவில்லை. கணக்கில் அதுக்கு இடம் இல்லை என்றார்கள், அதனால் நின்றது. திட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதுக்கு என்று நிரந்தரமாக ஒரு வரவு இல்லாவிட்டால் எந்த நேரமும் நின்று போகும் என்பதை நாம இதில் கத்துக்கணும்.

அடுத்த பெரிய முயற்சி காமராசர் காலத்தில். 1956-ல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. அப்போது கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு இதற்காக ரொம்பப் பாடுபட்டார். ஆரம்பத்தில் ஊர்மக்கள் கொடுத்த நன்கொடையில்தான் உலை கொதித்தது. அரிசி கொடுத்தவர்கள், காய்கறி கொடுத்தவர்கள், விறகு கொடுத்தவர்கள் என்று ஊரே சேர்ந்தது. பிறகு நூற்றுக்கு அறுபது பங்கு அரசாங்கமும் நாற்பது பங்கு உள்ளூரும் என்று ஏற்பாடு ஆனது. 1961-லிருந்து கேர் என்ற அமைப்பு மூலமாக அமெரிக்காவிலிருந்து பால் பவுடர், எண்ணெய், மக்காச்சோள மாவு எல்லாம் வந்தது. அந்தப் பாலையும் மக்காச்சோள உப்புமாவையும் சாப்பிட்டு வளர்ந்த தாத்தா பாட்டிகள் நம்ம ஊர்களில் இன்னும் இருக்காங்க. கேட்டுப் பாருங்க, கதை கதையாகச் சொல்லுவாங்க.

பள்ளிக்கூடம் போகாத குழந்தைகள் கதை வேறு. 1980-ல் உலக வங்கிக் கடனோடு மதுரை மாவட்டத்தில் ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று ஆரம்பமானது. மூணு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைகளை மாசா மாசம் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்குச் சத்து உருண்டை கொடுத்தார்கள். இன்னிக்கு அங்கன்வாடியில் எடை போட்டு அட்டையில் எழுதுவதை நாம சாதாரணமாக நினைக்கிறோம். அந்த வழக்கம் ஊர் ஊராகப் பரவியதில் அந்தத் திட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்படி நன்கொடை, வெளிநாட்டு உதவி, கடன் என்று பல கைகளிலிருந்து வந்துகொண்டிருந்த பணம், 1982-ல் ஒரு பெரிய திருப்பத்துக்கு வந்தது. அந்த வருடம் ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அறுபது லட்சத்துக்கும் மேல் பிள்ளைகளுக்குத் தினமும் சாப்பாடு! இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது, இதை வைத்து ஆலை கட்டலாம், ரோடு போடலாம் என்று படித்தவர்கள் பலபேர் பேசினார்கள். ஆனாலும் மாநில அரசின் வரவு செலவுத் திட்டத்திலேயே இதற்குப் பணம் ஒதுக்கப்பட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்சி மாறியது, சத்துணவை யாரும் நிறுத்தவில்லை. 1989-ல் கலைஞர் ஆட்சியில் ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010-ல் வாரத்துக்கு ஐந்து முட்டை ஆனது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஒருத்தர் வைத்த குழம்பில் அடுத்தவர் காய் சேர்த்த மாதிரிதான்.

சத்துணவு வந்தபோது அமைப்பாளர், சமையலர், உதவியாளர் வேலைக்குப் பெண்களை எடுத்தார்கள். கணவரை இழந்தவர்களுக்கும் ஆதரவில்லாதவர்களுக்கும் முன்னுரிமை தந்தார்கள். கூலி வேலையைத் தவிர வேறு தெரியாமல் இருந்த எத்தனையோ பெண்கள் அன்னிக்குத்தான் முதல் முதலாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கினார்கள்.

2001 நவம்பர் 28-ல் உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலத்திலும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. அன்னிக்கே நம்ம மாநிலத்தில் அது பத்தொன்பது வருசப் பழக்கம்.

முட்டை வந்த அதே 1989-ல்தான் தருமபுரி மாவட்டத்தில் முதல் சுய உதவிக் குழுக்களும் தொடங்கின. இந்த இரண்டு பாதையும் ஒன்று சேர முப்பத்து மூணு வருசம் ஆனது. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். சென்னையில் அந்த ஒரு அணாத் தீர்மானம் போட்டு 102 வருசம் ஆக ஒரு நாள்தான் பாக்கி! முதலில் 1,545 பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள், 33 கோடியே 56 லட்ச ரூபாய். 2023 ஆகஸ்டு 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. ஊர்ப் பள்ளிகளில் கரண்டி நம்ம குழுப் பெண்கள் கைக்கு வந்தது. அதிலும் தன் பிள்ளை அதே பள்ளியில் படிக்கிற உறுப்பினரைத் தேடி எடுத்தார்கள். தன் பிள்ளையும் சாப்பிடும் சாம்பாரில் எந்தத் தாய் பருப்பைக் குறைப்பாள்?

வருத்தமான ஒன்றையும் சொல்லணும். 2023-ல் எட்டயபுரத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், சமைத்தவர் பட்டியல் இனப் பெண் என்பதால் சில பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை என்று செய்தி வந்தது. அமைச்சரும் அதிகாரிகளும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காமராசர் பந்தி போட்ட ஊருக்குப் பக்கத்திலேயே இப்படி. பணம் ஒதுக்க அரசாங்கத்தால் முடியும். அந்தப் பெண்ணுக்குத் துணையாக நிற்பது குழுவால்தான் முடியும். சந்தாப் பணத்தை ஒரே பெட்டியில் போடுகிற நாம, ஒரே பானைச் சோற்றில் பிரிவினை பார்க்கலாமா?

சகோதரிகளே, இது யாரும் போடும் தர்மம் இல்லை. நாம வாங்குகிற சோப்பு, எண்ணெய், பிஸ்கட் எல்லாத்திலும் வரி கொடுக்கிறோம். அந்தப் பணம்தான் பிள்ளைகள் தட்டுக்குத் திரும்பி வருது. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, அதோடு காய்கறி என்று அளவு வைத்திருக்காங்க. அது முழுசாக வருதா, சமைக்கிற நம்ம உறுப்பினருக்கு ஊதியம் தேதி தவறாமல் கிடைக்குதா, காய் வாங்கக் கைக்காசு போட்ட உறுப்பினருக்கு அது திரும்பி வந்ததா என்று நாம கேட்கணும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நம்மில் பலர் இருக்கிறோம். கிராம சபையிலும் கையைத் தூக்கலாம்.

1925-ல் அது நின்றபோது கேட்க நம்மைப் போல ஒரு அமைப்பு இல்லை. இப்போது இருக்கு. ஆகவே ஒவ்வொரு மாசமும் கூட்டமைப்புக் கூட்டத்தில் கடன், சேமிப்பு பேசி முடித்ததும், "நம்ம பள்ளிக்கூட அடுப்பு எப்படி இருக்கு?" என்ற கேள்வியையும் வைத்து, வரும் பதிலைத் தீர்மான நோட்டில் எழுத வேண்டும் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.