293318625600 (எண்)

293318625600 என்பது பன்னிரண்டு இலக்கங்களைக் கொண்ட ஓர் இயல் எண் ஆகும். இதனை 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600 எனப் படிக்கலாம். இது ஒரு மீப்பகு எண். அதாவது, தன்னைவிடச் சிறிய எந்த இயல் எண்ணைக் காட்டிலும் மிகுதியான வகுஎண்களைக் கொண்டது. கணித மேதை சீனிவாச இராமானுசன் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட மீப்பகு எண்களின் பட்டியலில் விடுபட்டுப்போன எண் என்பதால் இது குறிப்பிடத்தக்கதாகிறது.

மீப்பகு எண்

12 என்னும் எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். 12-ஐ விடச் சிறிய எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேற்பட்ட வகுஎண்கள் இல்லை. எனவே 12 ஒரு மீப்பகு எண்.

காரணியாக்கம்

இவ்வெண்ணின் பகாக் காரணிகள் பின்வருமாறு:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுஎண்களின் எண்ணிக்கை கிடைக்கும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. இவற்றுள் 720 ஒற்றை எண்கள். 4320 இரட்டை எண்கள். அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என ஏறாமல் அமைந்திருப்பதைக் காண்க. மீப்பகு எண்கள் அனைத்திலும் அடுக்குகள் இவ்வாறே அமையும் என்றும், 4, 36 ஆகிய இரண்டைத் தவிர ஏனையவற்றில் இறுதி அடுக்கு 1 ஆகவே இருக்கும் என்றும் இராமானுசன் நிறுவினார்.

பிற பண்புகள்

* 1 முதல் 28 வரையுள்ள எண்களுள் 23 தவிர அனைத்தாலும் மீதியின்றி வகுபடும்.
* வகுஎண்களின் கூட்டுத்தொகை 1642243014720. இது எண்ணின் இருமடங்கைவிடப் பெரிது. ஆகவே இது ஒரு மிகையெண்.
* இலக்கங்களின் கூட்டுத்தொகை 45. எண் 45-ஆல் வகுபடுவதால், இது கப்ரேக்கர் பெயரிட்ட ஹர்ஷத் எண்களுள் ஒன்று.
* வகுஎண்களின் எண்ணிக்கையான 5040-உம் ஒரு மீப்பகு எண்ணே.

இராமானுசனின் பட்டியல்

கேம்பிரிட்சில் இருந்தபோது இராமானுசன் எழுதிய மீப்பகு எண்கள் பற்றிய ஆய்வுக்கட்டுரை, இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் 1915இல் வெளிவந்தது. இவ்வாய்வுக்காக 1916இல் அவருக்குப் பட்டம் வழங்கப்பட்டது. கட்டுரையில் 6746328388800 வரையிலான 102 எண்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றுள் 293318625600 இல்லை.

அடுத்த மீப்பகு எண்ணை நேரடியாகத் தரும் எளிய வாய்பாடு ஏதும் இல்லை. தகுதியுடைய எண்களைத் தொகுத்து, அவற்றின் வகுஎண்களை ஒப்பிட்டே கண்டறிய வேண்டும். கணினி இல்லாத அக்காலத்தில் இது கையால் செய்யப்பட்ட கணக்கு. மேலும், ஓர் எண் விடுபட்டாலும் பட்டியலின் பிற எண்கள் பிழையாவதில்லை. எடுத்துக்காட்டாக, 293318625600-இன் காரணிகளில் ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும் நீக்கி 23-ஐச் சேர்த்தால் 321253732800 கிடைக்கும். இது ஏறத்தாழ 9.5 விழுக்காடே பெரிது. ஆனால் 5376 வகுஎண்களைக் கொண்டது. முந்தைய எண் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுவும் மீப்பகு எண்ணே. ஆகவே இத்தகைய விடுபடல் தானாக வெளிப்படுவதில்லை. கட்டுரையின் தேற்றங்கள் பட்டியலைச் சாராமல் நிறுவப்பட்டவை என்பதால் அவற்றுக்கும் இதனால் குறை இல்லை.

பட்டியலின் இறுதி எண்ணான 6746328388800, விடுபட்ட இவ்வெண்ணின் சரியாக 23 மடங்கு ஆகும். அதன் வகுஎண்கள் 10,080. அதாவது 5040-இன் இருமடங்கு.