ஐயம்பேட்டையில் தேடப்போய் கிடைத்த சௌராஷ்டிரம்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில் இருக்கும் ஐயம்பேட்டை நெசவுக்குப் பேர் போன ஊர். அதைப் பற்றிக் குறிப்பு சேர்க்கலாம்னு தேடினால் பாதி நேரம் தஞ்சாவூர்ப் பக்கத்து ஐயம்பேட்டைதான் வந்து நிற்கிறது. அதுவும் நல்லதாப் போச்சு. தியாகராஜரின் சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் (1781–1874) வாழ்ந்த ஊர் அது. அவர் சௌராஷ்டிரர். தறியும் அந்த மொழியும் சேர்ந்தே ஊர் ஊராகப் போயிருக்கின்றன: மதுரை, பரமக்குடி, சேலம், கும்பகோணம், காஞ்சிபுரம்.

எங்கிருந்து வந்தார்கள்? எல்லாரும் காட்டுவது மந்தசோர் கல்வெட்டு. லாட நாட்டிலிருந்து, அதாவது தெற்கு குஜராத்திலிருந்து, வந்த பட்டு நெசவாளர் குழு கி.பி. 437-ல் கட்டிய சூரியன் கோயிலை 473-ல் பழுது பார்த்ததை அது சொல்கிறது. இவர்களே நம்ம ஊர் சௌராஷ்டிரரின் முன்னோர் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். நடுவில் பல நூற்றாண்டுச் சங்கிலி விட்டுப்போயிருக்கு. நான் அதை 'இருக்கலாம்' பெட்டியில்தான் வைப்பேன். மொழிதான் இன்னும் நல்ல சாட்சி. அடித்தளம் குஜராத்தி, மராத்தியோடு உறவு; மேலே தெலுங்கு, கன்னடம், தமிழ்ச் சொற்கள். வந்த வழி அப்படியே படிந்திருக்கிறது.

இதற்குச் சொந்த எழுத்து உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் டி.எம். ராமராய் அதற்காகப் பாடப் புத்தகங்கள் எழுதி அச்சிட்டார். 2008-ல் யூனிகோடு 5.1-ல் இடமும் கிடைத்தது. அதில் எனக்குப் பிடித்தது 'ஹாரு' என்ற குறி. ம, ந, ர, ல ஆகியவற்றை மூச்சு விட்டுச் சொல்லும் ஒலிகளுக்காக இருப்பது. தமிழ் எழுத்தில் எழுதினால் என்ன ஆகும்? இரண்டும் 'தீ', மூன்றும் 'தீன்'. முதல் ஒலி வேறு வேறு, எழுத்து ஒன்று. அதனால் த³ என்று தலையில் எண் போட்டு எழுதுகிறார்கள். தேவநாகரிதான் வேணும் என்று இன்னொரு கட்சி. எந்த எழுத்து என்ற சண்டை நூறு வருஷமாக நடக்கிறது. அதற்குள் பெரும்பாலானவர்களுக்குச் சொந்த எழுத்து படிக்கத் தெரியாமலே போய்விட்டது.

1959-க்குப் பிறகு வந்த திபெத்தியர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். பைலகுப்பேயில் அவர்களுக்குப் பள்ளி, மடம், எழுத்து மூன்றும் சேர்ந்து அமைந்தன. சௌராஷ்டிரருக்கும் பள்ளிக்கூடங்கள் உண்டு, ஆனால் பெயரில்தான் சௌராஷ்டிரம். பாடம் தமிழ், இங்கிலீஷ்.

2001 சென்சஸில் 1,85,420 பேர், 2011-ல் 2,47,702 பேர் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழி என்று சொன்னார்கள். (அரசு இதைக் குஜராத்திக்குக் கீழே சேர்த்து எண்ணுகிறது, அது தனிக் கதை.) கூடியிருக்கே என்று சந்தோஷப்பட எனக்கு மனசு வரவில்லை. குழந்தையாக இருந்தபோது அம்மா பேசிய மொழி எது என்பதுதான் சென்சஸ் கேள்வி. நீங்கள் உங்கள் பிள்ளையிடம் எதில் பேசுகிறீர்கள் என்று அது கேட்பதில்லை.

பள்ளி இல்லாமல் இத்தனை காலம் மொழி ஓடியதற்கு வீட்டுக்குள் இருந்த குழித்தறிதான் காரணம்னு நினைக்கிறேன். பாவு போடுவதிலிருந்து கோர்வை பிடிப்பது வரை பெரியவரும் பிள்ளையும் நாள் முழுக்க ஒரே கூரைக்குள் பேசிக்கொண்டே செய்த வேலை. இப்போது காஞ்சிபுரத்துப் பக்கத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார்கள். தறிச் சொற்களை மட்டுமாவது வயசானவர்கள் வாயால் சொல்லச் சொல்லிப் பதிவு செய்து வைக்கலாம். அதற்கு எந்த எழுத்து என்ற சண்டையும் வேண்டாம், போன் போதும்.