திடலில் நம்மைச் சேர்த்த துங்கு

பொன்விழாக் காணும் இவ்வேளையில், நம் கெடா மண்ணின் மைந்தர் மர்ஹூம் துங்கு அப்துல் ரஹ்மானை நினைவுகூர்கிறோம். நாட்டின் முதல் பிரதமர் என்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். விளையாட்டுக்கு அவர் ஆற்றிய தொண்டையும் அவர்கள் அறிய வேண்டும்.

1903 பிப்ரவரி 8ஆம் நாள் அலோர்ஸ்டாரில் கெடா சுல்தானின் மகனாகப் பிறந்த துங்கு, கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பி 1931இல் கெடா அரசுப் பணியில் சேர்ந்தார். கூலிம், கோலநெராங், லங்காவி, சுங்கைப்பட்டாணி என்று பல ஊர்களில் பணியாற்றினார். கோலநெராங்கில் மலேரியாவுக்குத் தம் மனைவியைப் பறிகொடுத்தார். அதன் பிறகே அங்கிருந்த சதுப்பு நிலம் வடிகட்டப்பட்டது.

ஜப்பானியர் ஆட்சியில் நம் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையிலிருந்து தப்பி, நோயோடும் பசியோடும் கெடாவுக்கு வந்தவர்களுக்கு உணவும் தங்குமிடமும் கிடைக்கத் துங்கு நண்பர்களுடன் சேர்ந்து உதவினார். அவர்களிடம் அவர் இனம் பார்க்கவில்லை.

அதே மனத்தோடுதான் அவர் காற்பந்துக்கும் வந்தார். 1951இல் மலாயாக் காற்பந்துச் சங்கத்தின் தலைவரானார்; 1974 வரை அப்பொறுப்பில் இருந்தார். சுதந்திரம் பெற்ற 1957ஆம் ஆண்டிலேயே மெர்டேக்கா கிண்ணப் போட்டியைத் தொடங்கினார். முதல் ஆண்டு ஹாங்காங் வென்றது. மறு ஆண்டு கிண்ணம் நம் மலாயாவுக்கே கிடைத்தது. 1958இல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைமையும் அவரைத் தேடி வந்தது. அப்துல் கனி மின்ஹாட், கோவிந்தராஜு, எட்வின் டட்டன் ஆகியோர் ஒரே நாட்டுச் சட்டையில் ஆடிய காலம் அது.

அந்த ஆர்வம் தோட்டங்களிலும் இருந்தது. காலையில் பால்மரம் வெட்டியவர்கள் மாலையில் லயத்துக்கு அருகிலிருந்த திடலில் பந்து உதைத்தார்கள். பட்டணத்துக் கடைகளில் இருந்த நம் பெரியவர்களும் கடையை அடைத்துவிட்டுப் போய் நின்று பார்த்தார்கள். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் சேர்ந்து நின்ற இடம் அது.

இன்று பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்துவிட்டன, திடல்கள் போய்விட்டன. நம் பிள்ளைகள் அண்டை வீட்டுப் பிள்ளையின் பெயர்கூடத் தெரியாமல் வளர்கிறார்கள்.

துங்கு 1990 டிசம்பர் 6ஆம் நாள் மறைந்து, லங்காரில் அடக்கமானார். அவருக்கு நாம் செலுத்தும் நன்றி, வாரம் ஒரு மாலையாவது எல்லா இனப் பிள்ளைகளையும் ஒரு திடலில் சேர்ப்பதுதான். ஒரு பந்தும் இரண்டு பெரியவர்களும் போதும். இன்ஷா அல்லாஹ், நம் சங்கம் அதைத் தொடங்கட்டும்.