நடைபாதையா, வீதியா? இடம் தேடிய துவிச்சக்கரவண்டி

துவிச்சக்கரவண்டியில் செல்பவர்கள் நடைபாதையில் ஏறலாமா என்ற வாதம் இங்கிலாந்தில் இன்றும் ஓயவில்லை. ஆனால் அதைத் தடுக்கும் சட்டமோ, அவ்வண்டி பரவலாவதற்கு முன்னரே எழுதப்பட்டது.

1835 ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 72 ஆவது பிரிவு, பாதசாரிகளுக்கென ஒதுக்கப்பட்ட பாதையில் குதிரை, கழுதை, பன்றி, வண்டி எதனையும் செலுத்தலாகாது என்றது. மிதித்துச் செலுத்தும் துவிச்சக்கரவண்டி பாரிஸில் பிரபலமானதோ 1860களில்தான். அதுவும் ஒரு 'வண்டி'யே என 1888 ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டம் பிரகடனம் செய்தது. நடைபாதை மூடப்பட்டது, வீதியில் செல்லும் உரிமை உறுதியாயிற்று.

மோட்டார் வாகனங்கள் பெருகியதும் அந்த உரிமையே ஆபத்தாக மாறியது. 1934 டிசம்பரில் போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷா, லண்டன் வெஸ்டர்ன் அவெனியூ ஓரமாகத் துவிச்சக்கரவண்டிகளுக்கெனத் தனிப்பாதை ஒன்றைத் திறந்துவைத்தார். அதை எதிர்த்தது வேறு யாருமல்ல, 1878 இல் தோன்றிய துவிச்சக்கரவண்டிச் சுற்றுலாக் கழகமே! ஓரமாக ஒரு பாதையைப் பெற்றுக்கொண்டால் வீதியை நிரந்தரமாக இழக்க நேரிடும் என அது அஞ்சியது.

1999 இல் நடைபாதையில் ஓட்டுவோருக்கு உடனடித் தண்டம் விதிக்கும் முறை வந்தது. ஆயினும், வாகனங்களுக்கு அஞ்சி நடைபாதையில் ஏறும் பொறுப்புள்ளவர்கள் அதன் இலக்கல்லர் என உள்துறை இராஜாங்க அமைச்சர் போல் போட்டெங் விளக்கமளித்தார்.

தடையைப் பிறப்பித்த அரசே அதை மீறுவோரின் அச்சத்தை ஒப்புக்கொண்டது. நடைபாதையில் முதியவர் துவிச்சக்கரவண்டிக்கு அஞ்சுகிறார். வீதியில் அதை ஓட்டுபவர் லொறிக்கு அஞ்சுகிறார். இரண்டு அச்சங்களும் நியாயமானவையே. வீதியில் பாதுகாப்பான இடத்தை ஒதுக்காமல் தண்டம் மட்டும் விதிப்பதால் இரண்டில் ஒன்றுகூடத் தீராது.