பாலம் கிராமமும் ஒரு படிக்கிணறும்

பாலம் என்றால் தமிழ்க் காதுக்கு ஆறும் இரு கரையும் நினைவுக்கு வரும். தில்லிக்காரருக்கோ விமான நிலையம்தான். பயணிகள் விமானங்கள் சப்தர்ஜங்கிலிருந்து இங்கே மாறியது 1962-இல். இந்திரா காந்தி பெயர் சூட்டப்பட்டது 1986-இல். ஆனால் நம் துவாரகாவை ஒட்டிக் கிடக்கும் பாலம் கிராமம் எழுநூறு ஆண்டுக்கும் மூத்தது. அதற்குக் கல்லே சாட்சி.

விக்கிரம ஆண்டு 1333, அதாவது கி.பி. 1276. பால்பன் சுல்தான் ஆண்ட காலம். உத்தரர் என்ற செல்வர் இவ்வூருக்குக் கிழக்கே ஒரு படிக்கிணறு வெட்டி, சமஸ்கிருதத்தில் கல்வெட்டும் பொறித்தார். ஊரின் பெயர் அதில் பாலம்ப கிராமம். இந்த நாடு ஹரியானகம், தில்லி தில்லிபுரம். தோமரர், சௌகானர், பிறகு பால்பன் வரையான சுல்தான்கள் என்று ஆண்டவர் வரிசையும் உண்டு. தில்லி சரித்திரம் எழுதுவோர் இன்றும் இந்தக் கல்லைத்தான் புரட்டுகிறார்கள்.

என்னைப் போன்ற வியாபாரிக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. உத்தரரின் குடும்பம் இந்த மண்ணைச் சேர்ந்ததில்லை. இன்று பாகிஸ்தானில் உள்ள உச் நகரம்தான் அவர்களின் பூர்வீகம். பிழைக்க வந்த இடத்தில், போகிறவர் வருகிறவர் தாகம் தீரத் தண்ணீர் வைத்தார். ஏரிக்கென்றே வாரியம் வைத்து, அதை 919, 921-ஆம் ஆண்டுகளில் கல்லில் எழுதிய உத்திரமேரூர்க்காரருக்கு இந்தத் தருமம் புரியாதா என்ன?

ஊரின் சிறப்பு இன்னும் உண்டு. தில்லியின் 360 கிராமங்களுக்குப் பாலம்தான் தலைமை என்பது இங்குள்ள மரபு. தாதா தேவ் கோயில் நம்ம ஐயனார் கோயில் மாதிரி. சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் காவல் தெய்வம். ஷா ஆலம் பாதுஷாவின் ராஜ்யம் தில்லியிலிருந்து பாலம் வரைதான் என்று கேலியாக ஒரு பழமொழியும் சொல்வார்கள்.

பிறகு தில்லி வளர்ச்சிக் குழுமம் இப்பகுதி வயல்களை எடுத்துத் துவாரகாவைக் கட்டியது. 2005 டிசம்பர் 31-இல் மெட்ரோவும் வந்தது. பாலம், பக்டோலா, அம்பர்ஹாய், போச்சன்பூர் எல்லாம் அடுக்குமாடிகளுக்கு நடுவே வீடுகள் மட்டும் மிஞ்சிய ஊர்களாகச் சுருங்கின. நாம் குடியிருப்பது அவர்கள் உழுத நிலத்தில்.

உத்தரரின் கல் பிழைத்தது, கிணறு பிழைக்கவில்லை. பெயர் மட்டும் இருந்து தண்ணீர் இல்லாமல் போனால் தருமம் பாதிதானே! நல்லவேளையாக, செக்டர் 12-இல் லோஹார்ஹேரி என்ற பழைய கிராமத்தின் படிக்கிணறு சீரமைக்கப்பட்டு நிற்கிறது. லோடி சுல்தான்கள் காலத்தது என்பர். டாங்கர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்த நம் குடும்பங்களுக்கு அதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அன்பர்களே, ஊரிலிருந்து உறவினர் வந்தால் குதுப்மினாருக்குக் கூட்டிப் போகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை இந்தக் கிணற்றுக்கும் அழைத்துப் போங்கள். வந்தேறி ஒருவர் வெட்டிய கிணற்றால்தான் பாலத்தின் பழம்பெயர் நமக்குக் கிடைத்தது என்று அங்கே சொல்லிக் கொடுங்கள். நாமும் வந்தேறிகளே. இந்த மண்ணுக்கு நாம் என்ன வைத்துப் போகப்போகிறோம் என்று பிள்ளைகள் கேட்டால், பதில் சொல்ல நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும்.