சுண்ணாம்புக்குள் இருந்த மரியா

பி.காம் படிக்கிறவனுக்கும் கிரேக்க நாட்டு தேவாலயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். ஒரு சந்தையைப் பிடித்துத்தான் அங்கே போய்ச் சேர்ந்தேன். 12ஆம் நூற்றாண்டு கிரேக்க நையாண்டி நூல் ‘திமாரியோன்’. அதில் ஒரு திருவிழாச் சந்தை வருகிறது. இத்தாலி, ஸ்பெயின், எகிப்து என்று எங்கெங்கோ இருந்து துணிகள் வந்து இறங்குகின்றன, வரிசையாகக் கூடாரங்கள். அப்படியே நம்மூர் தேர்த் திருவிழாக் கடைகள்தான்! யாருக்கு விழா என்று தேடியபோது கிடைத்த பெயர் புனித டெமெட்ரியஸ்.

ஊர் தெசலோனிக்கி, வடக்கு கிரீஸில் உள்ள கடலோரத் துறைமுகம். பைபிளில் தெசலோனிக்கேயருக்கு பவுல் கடிதம் எழுதினாரே, அதே ஊர். கி.பி. 306 வாக்கில் டெமெட்ரியஸ் அங்கே ஒரு ரோமானியக் குளியல் மண்டபத்தில் வேதசாட்சியாகக் கொல்லப்பட்டார் என்பது மரபு. அந்த மண்டபத்தின் மேலேயே தேவாலயம் எழுந்தது. 5ஆம் நூற்றாண்டில் பெரிதாகக் கட்டினார்கள், 7ஆம் நூற்றாண்டில் எரிந்தது, மறுபடி கட்டினார்கள்.

1430ல் நகரம் துருக்கியர் கைக்குப் போனது. 1493ல் தேவாலயம் மசூதியானது. உள்ளே இருந்த படங்களையெல்லாம் அப்போதே அழித்திருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. சுவரில் இருந்த மொசைக் படங்கள் பல சுண்ணாம்புப் பூச்சுக்குள் பத்திரமாக இருந்தன. 1907ல் பூச்சை எடுத்தபோது வெளியே வந்தன. கட்டடம் அப்போதும் மசூதிதான். வடக்குப் பக்க வளைவுகளின் மேலே ஒரு குட்டிப் பெண்ணின் கதை. பெயர் மரியா. கைக்குழந்தையாக அவளைப் புனிதரிடம் கொண்டு வருகிறார்கள், அடுத்தடுத்த படங்களில் வளர்கிறாள். ராஜா ராணி இல்லை, யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது இதுதான்.

வால்டர் ஜார்ஜ் என்ற ஆங்கிலேய கட்டடக் கலைஞர் அந்தப் படங்களை வாட்டர்கலரில் பிரதி எடுத்தார். (இதே ஆள்தான் 1915ல் இந்தியா வந்து, பின்னாளில் டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக் கட்டடத்தை வடிவமைத்தவர். அதுவும் ஒரு வேதசாட்சி பெயரில்தான்!)

1912ல் நகரம் கிரீஸோடு சேர்ந்தது, தேவாலயமும் திரும்பக் கிடைத்தது. ஐந்தே வருஷம். 1917 ஆகஸ்ட் 18ல் ஒரு வீட்டு அடுப்படியில் விழுந்த பொறி ஊரையே தின்றது. 70,000 பேருக்கு மேல் வீடிழந்தார்கள், அதில் பெரும்பாலோர் யூதர்கள். தேவாலயக் கூரை எரிந்து விழுந்தது, மரியாவின் சுவரும் போனது. நானூறு வருஷத்துக்கு மேல் சுண்ணாம்புக்குள் தாக்குப்பிடித்தவள், வெளிச்சத்துக்கு வந்து பத்தே வருஷத்தில் இல்லை.

எரிந்த இடிபாட்டைத் தோண்டினால், எல்லோரும் மறந்தே போயிருந்த நிலவறை கிடைத்தது. அந்தப் பழைய குளியல் மண்டபம்! இத்தனை வருஷம் காலுக்குக் கீழேயே இருந்திருக்கிறது. தேவாலயத்தைத் திரும்பக் கட்டி 1949ல் திறந்தார்கள். புனிதர் இரண்டு குழந்தைகளோடு நிற்கும் படம் உட்பட சில மொசைக்குகள் தூண்களில் தப்பியிருக்கின்றன. மரியாவை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் பழைய புகைப்படங்களும் ஜார்ஜின் வாட்டர்கலரும்தான்.